ஜேசுதாஸ் செய்த பனி

“மூணு கிலோ நூறுங்க. பொம்பளப் புள்ள. மூக்கு மட்டும் எங்க பக்கம், மத்ததெல்லாம் அவங்க பக்கம்.”

ஜேசுதாஸ் என்னிடம் கேட்டது அதை அல்ல. வீட்டில் யாருக்கு ஷாக் அடித்தது என்றுதான் கேட்டார். வெள்ளக்கடை ஊரில் கரண்டு வேலை பார்க்கிற அவர் வாசலில் காலை ஏழரை மணிக்கு மூச்சு வாங்க நின்றுகொண்டு நான் பேத்தியின் எடையைச் சொன்னேன். அவள் பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அந்த நாலு நாளும் யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

“நொம்ப சந்தோசங்கண்ணா. ஆரை அடிச்சுதுங்க?”

“திங்கக்கெழமை என் ஊட்டுக்காரி அத்தாயியை. இன்னிக்கு விடியக்காலம் என் சம்மந்தியம்மா காளியாயியை.”

“உங்களை?”

“என்னை அடிக்கலீங்க.”

“அப்ப நீங்க சொல்லி எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அடி வாங்குனவங்கதான் சொல்லோணும். மெயினை அணைச்சிருக்கீங்களா?”

“அணைச்சுதான் கெடக்குது.”

“ஊட்டுக்குள்ள இப்ப ஆராச்சும் இருக்கறாங்களா?”

இரண்டு பெண்களும் உள்ளேதான் இருந்தார்கள். அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. “செல்வி, பை!” என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி லூர்துசெல்வி அதற்கு முன்பே கித்தான் பையோடு வாசலுக்கு வந்துவிட்டார். அந்த அம்மாளின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்கியே இருந்தன. இடது கையால் பையைக் கொடுத்தார்.

“டீயைக் குடிச்சுட்டுப் போறது?”

“வந்து குடிக்கறேன்.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க. நேத்து டீ இன்னும் அடுப்பு மேலதான் கெடக்குது.”

“அதையும் சேத்துக் குடிச்சுக்கறேன் தாயே.”

என்னை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்துக் கிளப்பினார்.

நான் அப்படி ஓடி வந்ததற்குக் காரணம் கரண்டு மட்டும் இல்லை. என் வாயும்தான்.

வாழவந்தியில் எங்களுக்குக் காப்பியும் மிளகும் போட்ட கொஞ்சம் நிலமும், சீமை ஓடு போட்ட ஒரு வீடும் உண்டு. எண்பத்தி மூன்றில் எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்தது. பிறகு மகள் வள்ளிக்கு மாரமங்கலத்தில் மாப்பிள்ளை பேசப் போனபோது நான் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை, கரண்டைப் பற்றித்தான் பேசினேன். மாப்பிள்ளை ராஜேந்திரன் வீட்டில் அன்றும் மண்ணெண்ணெய் விளக்கு, இன்றும் மண்ணெண்ணெய் விளக்கு. “எங்க ஊட்ல சுச்சைத் தட்டுனா பகலுங்க” என்று நான் சொன்னபோது அவன் அம்மா காளியாயி சிரிக்கவில்லை. அந்தப் பேச்சை மூட்டை கட்டி வைத்துக்கொண்டார்.

வள்ளிக்குத் தலைப்பிரசவம். எங்களுக்குள் முதல் பிள்ளை பெற்றவள் அம்மா வீட்டில் ஐந்து மாதம் இருப்பாள். டவுன் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை குழந்தை பிறந்தது. புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். மருமகன் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தான். அத்தாயி வீட்டை மெழுகிச் சுத்தம் செய்தாள். பழைய வேட்டிகளைக் கிழித்து, குழந்தைக்கு வேண்டிய துணிகளைத் துவைத்தாள். ஐப்பசி மாதம் எங்கள் ஊரில் வெளியே எதுவும் காயாது. சமையலறைக்குள் நான் கட்டியிருந்த கம்பிக் கொடியில் போடப் போனாள். கம்பி அவளை அடித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை டவுனிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தேன். பெயர்ப்பலகை பெரிதாக இருந்ததால் கூட்டிவந்தேன், வேறு காரணம் இல்லை. அவன் வந்தபோது மத்தியான வெயில். டெஸ்டரை வைத்து அங்கங்கே தொட்டுப் பார்த்தான். ஒரு சுவிட்சை மாற்றினான். “ஒண்ணுமில்ல. ஈரக் கையோட எதையாச்சும் தொட்டிருப்பாங்க. பொம்பளைங்களுக்கு எப்பவும் ஒரு பயம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கும் அதை நம்புவது சுலபமாக இருந்தது.

அன்று சாயங்காலமே காளியாயி மாரமங்கலத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினார், மறுநாள் பேத்தியை அழைத்துவரக் கூட வருவதற்கு. விடியற்காலம் எழுந்து, துணி காய்ந்திருக்கிறதா என்று கொடியைத் தொட்டார். அவர் போட்ட சத்தத்தில் எங்கள் நாய் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தது.

எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, காளியாயி சொன்னது இது: “சம்மந்தி, எங்க ஊட்டு மண்ணெண்ணெ வெளக்கு இதுவரைக்கும் ஒருத்தரையும் கடிச்சதில்ல. ஒரு மணி பஸ்ஸுக்கு நான் மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கிட்டு மாரமங்கலம் போறேன். இந்த ஊட்டு வாசப்படியைப் பச்சக் கொழந்தை மிதிக்காது.”

அத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குழந்தையை மடியில் போட்டுக் காலை நீட்டிக் குளிப்பாட்ட வேண்டும் என்று அவள் ஆறு மாதமாகக் காத்திருந்தாள். நானும்தான், வெளியே சொல்லவில்லை. மாரமங்கலம் போய்விட்டால் பேத்தியை விருந்தாளி மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

ஜேசுதாஸ் பெயரை எனக்குச் சொன்னவர் மாவு மில் வேலுசாமி. காலையில் நான் ஓடி வந்த வழியில் அவர் மில்லைத் திறந்துகொண்டிருந்தார். அவருக்குச் சோறு போடுவது அந்த மில் மோட்டார். “என் மோட்டாரை அந்த மனுசனைத் தவிர ஒருத்தரையும் தொட உடமாட்டேங்க” என்றார். “என்ன வேலை செஞ்சாலும் மெயின் பொட்டி மூடிக்குள்ள தேதி போட்டு பென்சில்ல எழுதி வெப்பாரு. தப்பு செஞ்சிருந்தாலும் எழுதுவாரு. போன வருசம் ‘தப்பு ஜேசுதாசுடையது, சரிசெய்யப்பட்டது’ன்னு எழுதியிருக்காரு, வந்து பாருங்க.” பார்க்க நேரம் இல்லை. ஆனால் தன் தப்பைத் தானே எழுதி வைக்கிற ஆள் என்றால் போதும் என்று தோன்றியது.

மொபெட்டில் போகும்போது, சும்மா இருக்க முடியாமல், “ஏனுங்க, அடி வாங்குனவங்கதான் சொல்லோணும்னு ஏன் சொன்னீங்க?” என்று கேட்டேன். வளைவுகளில் வண்டியைச் சாய்த்துக்கொண்டே சொன்னார்.

அவருக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வயர்மேன் வேலை. காப்பிக்கொட்டை சலிக்கிற மிஷினில் வேலை செய்த ஒரு பெண், மிஷின் கடிக்கிறது, கடிக்கிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணக்கு எழுதுகிற ரைட்டர் சிரித்தார். ஜேசுதாஸும் சிரித்தார். போய்த் தொட்டுப் பார்த்தார், அவரைக் கடிக்கவில்லை. அவர் காலில் பூட்ஸ் இருந்தது, அந்தப் பெண் வெறுங்காலில் நின்று வேலை செய்கிறாள் என்பதை அவர் யோசிக்கவில்லை. எட்டாம் நாள் அவள் கை மிஷினோடு ஒட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தாள். மூன்று விரல் போனது போனதுதான்.

எனக்குப் புரிந்துவிட்டது. “உங்க சம்சாரமுங்களா?”

“ஆமாங்க. ஆஸ்பத்திரிக்கு மூணு மாசம் போய்ப் பாத்தேன். கடைசில கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். மொதல்ல மிஷினை ரிப்பேர் பண்ணிட்டு வாங்கன்னுட்டா.” வண்டி சத்தத்துக்கு மேல் சிரித்தார். “அன்னிக்கு அவ சொன்னதை நான் காதுல வாங்கலை. அதுக்குச் சேத்து இருவது வருசமா தெனமும் காதுல வாங்கிட்டிருக்கேன்.”

வீட்டுக்குப் போனபோது மணி எட்டேகால். பனி விலகி வெயில் அடித்தது. காளியாயி வாசல் கல்லில் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு, பஸ் அங்கேயே வந்து நிற்கப் போகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அத்தாயி சமையலறையில் இருந்தாள். ஜேசுதாஸ் முதலில் அவளை வெளியே வரச் சொன்னார். அவர் உள்ளே போகவில்லை. வேலிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

“அக்கா, திங்கக்கெழமை என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.”

நான் ஆரம்பித்தேன். “அது வந்துங்க, அவ கொடிக்கிட்ட—”

“அண்ணா, உங்களை அடிச்சா அப்ப நீங்க சொல்லுங்க” என்றார் ஜேசுதாஸ். காளியாயி முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

அத்தாயி சொன்னாள். விடியற்காலம். பனி. ஈரத் துணியைக் கம்பியில் போட்டாள். முழங்கைவரை சுரீரென்றது. நாலைந்து தரம் தொட்டதில் இரண்டு தரம் அடித்தது, இரண்டு தரம் அடிக்கவில்லை.

“அப்ப மெயின் போட்டிருந்துச்சா, அணைச்சிருந்துச்சா?”

“அணைச்சிருந்துச்சுங்க.”

“நல்லா தெரியுமா?”

“துணி போடும்போதெல்லாம் மெயினை அணைச்சுப்போடுன்னு இவருதான் சொல்லியிருக்காரு. நான் அணைச்சுட்டுத்தான் போட்டேன். இதை இவருகிட்ட அன்னிக்கே சொன்னேன்.”

ஜேசுதாஸ் என்னைப் பார்த்தார். “டவுன் ஆளுகிட்ட இதைச் சொன்னீங்களா?”

நான் சொல்லவில்லை. மெயினை அணைத்த பிறகு கரண்டு எப்படி அடிக்கும், இவள் பயத்தில் மாற்றிச் சொல்கிறாள், சொன்னால் அந்த ஆள் சிரிப்பான் என்று நினைத்து அந்த ஒரு பேச்சை மட்டும் விழுங்கிவிட்டேன். வெட்கத்தோடு, “இல்லீங்க” என்றேன்.

“அவன் மேல மட்டும் தப்பில்லைங்க அப்ப” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. காளியாயி பக்கம் திரும்பினார். “உங்களை அடிச்சப்ப காத்து இருந்துச்சுங்களாம்மா?”

“காத்தா? ஓடு பறக்கற மாதிரி அடிச்சுது. பனி சன்னல் வழியா உள்ள வந்து மூஞ்சிக்கு நேரா நின்னுச்சு, என் கையே எனக்குத் தெரியல. ஆரோ கையைப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்த மாதிரி இருந்துச்சு. இவங்க ஊட்ல சுச்சைத் தட்டுனா பகலாம், கொடியைத் தொட்டா நச்சத்திரமும் தெரியுது.”

ஜேசுதாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தார். உள்ளே போகாமல், மேலேயே பார்த்துக்கொண்டு. சமையலறை மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். போஸ்ட்டிலிருந்து வருகிற கரண்டுக் கம்பி அங்கேதான் ஓர் இரும்புப் பைப்புக்குள் இறங்கி, சுவர் வழியாக மீட்டருக்குப் போகிறது. பைப்பு வெளியே தெரியாது. அடியிலிருந்து நுனிவரை என் மிளகுக்கொடி ஏறியிருந்தது.

“இது ஆரு உட்டதுங்க?”

“நான்தானுங்க! மூணு வருசக் கொடி. நம்ம தோட்டத்துலயே இதுதான் நல்லா காய்க்குது. சரம் பாருங்க, விரல் நீளம்.”

“மொளகு அருமையா இருக்குதுங்க. பைப்புல எதுக்கு உட்டீங்க?”

“சும்மா நட்டுக்குத்தா நின்னுச்சுங்க. நிக்கறதை எதுக்கு வீணாக்கறதுன்னு உட்டேன். சில்வர் ஓக்குல உடறோம், பலாவுல உடறோம், வேலிக்கல்லுலகூட உடறோம்.”

“நான் ஒரு எடத்துல ரெண்டு மாசம் நின்னா என் மேலயும் உட்டிருவாருங்க” என்றாள் அத்தாயி. அந்த நேரத்திலும் காளியாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜேசுதாஸ் டெஸ்டரைப் பைப்பின் அடியில் வைத்தார். எரியவில்லை. வெயிலில் எல்லாம் காய்ந்திருந்தது. அவர் எனக்குச் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். மெயின் சுவிட்ச் என்பது மீட்டருக்கு அப்புறம். அதை அணைத்தாலும் போஸ்ட்டிலிருந்து மீட்டர்வரை கரண்டு இருந்துகொண்டேதான் இருக்கும். மெயினை அணைத்த பிறகும் அடிக்கிறது என்றால் கோளாறு வீட்டுக்குள் இல்லை, அந்தப் பைப்பில். மிளகுக்கொடி கரண்டுக் கம்பியைச் சுற்றி இழுத்திருக்கிறது. காற்றில் ஆடும்போதெல்லாம் கம்பியின் மேல்தோல் பைப்பின் வாயில் உரசித் தேய்ந்திருக்க வேண்டும். பனியில் ஈரமானதும் பைப்பு முழுக்கக் கரண்டு. துணி காயப்போட நான் கட்டின கொடிக் கம்பியின் ஒரு நுனி உள்ளே அதே பைப்பைப் பிடித்திருக்கிற இரும்புப் பட்டையில் முடிந்திருந்தது. அதுவும் நான் செய்த வேலைதான்.

“அப்ப ஏறி வெட்டி உட்டுருங்க!” என்றேன். “ஏணி கொண்டாறேன்.”

“ஏற மாட்டேனுங்க.”

“நேரமாகுதுங்க. ஒரு மணிக்கு பஸ்ஸு.”

“அது மீட்டருக்கு முன்னால இருக்கற கம்பி. போஸ்ட்ல கரண்டை நிறுத்தாம அதுல நான் கை வெக்கக்கூடாது. நீங்களும் அருவாளைத் தூக்கிட்டு ஏறக்கூடாது. கரண்டு ஆபீஸ் லைன்மேன் வரோணும்.”

“கதை முடிஞ்சுது” என்று காளியாயி மூட்டையின் முடிச்சை இன்னும் இறுக்கினார். “நேத்து வந்தவன் ஒண்ணுமில்லன்னுட்டுப் போனான். இவரு இருக்குதுன்னுட்டுப் போறாரு. நான் பஸ்ஸுக்குப் போறேன்.”

ஜேசுதாஸ் கோபப்படவில்லை. “நீங்க கேக்கறது சரிதானுங்கம்மா. கண்ணால பாக்காம நானா சொல்றதை நீங்க எதுக்கு நம்போணும்? லைன்மேனுக்கும் காட்டோணும். பனி வந்தாத்தான் தெரியும்.”

நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். துளி மேகம் இல்லை. ஐம்பத்திரண்டு வருஷத்தில் பனியைத் திட்டித்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்குத்தான் வா சாமி, வா சாமி என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

ஜேசுதாஸ் திடீரென்று கேட்டார். “அண்ணா, காப்பிக்கு மருந்தடிக்கற முதுகு மிஷின் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

“மயில்துத்தம் போகக் கழுவிட்டு நல்ல தண்ணி ஊத்திக் கொண்டாங்க. பனியை நாமளே செஞ்சுக்கலாம்.”

மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொண்டுவந்தேன். அதற்குள் அவர் வேலையைத் தொடங்கியிருந்தார். இரண்டு ஒயர் தொங்குகிற ஒரு பல்பைப் பையிலிருந்து எடுத்தார். பைப்பில் கரண்டு இல்லை என்று மறுபடியும் பார்த்துவிட்டு, ரப்பர் கையுறை போட்டு, ஒரு ஒயரைப் பைப்பில் மாட்டினார். என் கடப்பாரையை ஈர மண்ணில் அடித்து இறக்கி, இன்னொரு ஒயரை அதில் சுற்றினார். பல்பு காப்பிச் செடிமேல் பழம் மாதிரி தொங்கியது. மிளகுக்கொடியின் ஒரு கிளையில் காய்ந்த நூல் கயிற்றைக் கட்டி நீளமாக விட்டார். எங்களை வேலிக்கு வெளியே நிற்க வைத்தார். மெயின் அணைந்திருக்கிறதா என்று அத்தாயியைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார், என்னைச் சொல்லவில்லை.

“நான் செய்யறதைப் பாத்துட்டு நாளைக்கு நீங்க ஆரும் இதைச் செய்யக்கூடாது. கேட்டுக்குங்க.”

ரப்பர் பூட்ஸோடு ஒரு பலகைமேல் ஏறி நின்று, மிஷினைத் தோளில் மாட்டி, தூரத்திலிருந்து மேலே அடித்தார். மெல்லிய தூறல். வெயிலில் அது உண்மையான பனி மாதிரியே கொடிமேல் இறங்கியது. இலைகள் பளபளத்தன. பல்பு எரியவில்லை. இன்னும் அடித்தார். எரியவில்லை. காளியாயி என் பக்கம் பார்க்காமலே, “மொளகுக்கு மருந்தடிச்ச மாதிரி ஆச்சு” என்றார்.

“இப்ப காத்துங்க” என்று ஜேசுதாஸ் கயிற்றை இழுத்தார். கொடி ஆடியது.

பல்பு எரிந்தது.

பட்டப்பகலில், மெயின் அணைந்த வீட்டுக்கு வெளியே, காப்பிச் செடியின் மேல், மஞ்சளாக எரிந்தது. கயிற்றை விட்டார், அணைந்தது. இழுத்தார், எரிந்தது.

“எரியுதுடி அத்தாயி! எரியுதுடி!” கத்தினது காளியாயிதான். எழுந்து நின்றுவிட்டார். மூட்டை கீழே உருண்டது. “இதேதான் என்னைப் புடிச்சு இழுத்துச்சு! நான் பொய் சொல்லல, பாத்துக்குங்க!”

“உங்களை ஆரும் பொய்யின்னு சொல்லலீங்களே” என்றேன்.

“நேத்து அத்தாயியைச் சொன்னீங்களே!”

ஒருவரும் சுவர்ப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு ஜேசுதாஸ் மொபெட்டைக் கிளப்பினார். லைன்மேன் சுப்பிரமணியோடு திரும்பி வரும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது. சுப்பிரமணி இறங்கும்போதே அலுத்துக்கொண்டார். “நேத்து ஒராளு பாத்து ஒண்ணுமில்லன்னாரு, இன்னிக்கு நீ பகல்ல பல்பு எரியுதுங்கற. ஏம்ப்பா ஜேசு, காலைல டீ குடிச்சியா இல்லையா?” பல்பு எரிந்ததைப் பார்த்ததும் போஸ்ட்டில் ஏறி எங்கள் வீட்டுக் கம்பியின் கரண்டை நிறுத்தினார். இறங்கி வந்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, “இப்ப வெட்டுங்க” என்றார்.

அருவாள் என் கையில் இருந்தது. தையில் பறிக்க வேண்டிய கொடி. பச்சைச் சரம் தொங்கிக்கொண்டு நின்றது. என் கை கொஞ்சம் நின்றுவிட்டது.

“என்ன சம்மந்தி, அருவா கனமா இருக்குதா?” என்றார் காளியாயி.

ஒரே வெட்டு. அடியோடு வெட்டிவிட்டு, மேலேயிருந்து கொடியை இழுத்துப் போட்டேன். காளியாயி தானாக வந்து உட்கார்ந்து, வாடுவதற்குள் சரங்களைக் கிள்ளி மடியில் போட ஆரம்பித்தார். “வீணாக்கக்கூடாது. புள்ள பெத்தவளுக்கு மொளகுரசம் தெனமும் ஒரு வேளை குடுக்கோணும், அத்தாயி. இங்க வெச்சுக்க” என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு வேகமாகக் கிள்ளினார். அத்தாயி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

கொடி போனதும் கம்பி தெரிந்தது. பைப்பின் வாயில் தோல் முழுக்கத் தேய்ந்து, உள்ளே இருக்கிற உலோகம் வெள்ளிக்காசு மாதிரி மின்னியது. சுப்பிரமணி நாக்கைக் கடித்துக்கொண்டார். பழைய கம்பியை எடுத்துப் புதுக் கம்பி போட்டு, பைப்பின் வாயில் ஒரு பீங்கான் வளையமும் வைத்தார். உள்ளே ஜேசுதாஸ் என் துணிக்கொடிக் கம்பியை அவிழ்த்து வெளியே எறிந்தார். அதற்குப் பதிலாக மரக்கட்டை அடித்து, தேங்காய்நார்க் கயிறு கட்டினார். தரைக்குள் போகிற எர்த் ஒயர் துருப்பிடித்து விட்டுப்போயிருந்ததாம், அதையும் புதிதாகப் போட்டார். மெயின் பெட்டி மூடியின் உட்புறம் பென்சிலால் தேதி போட்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். “பைப்பில் மிளகு. இனிமேல் கூடாது” என்று இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் கரண்டு வந்தது. மறுபடியும் பல்பு, கடப்பாரை, முதுகு மிஷின். இந்தத் தடவை பைப்பு, சுவர், ஜன்னல் எல்லாம் சொட்டச் சொட்ட நனைத்தார். கம்பியைக் கயிறு போட்டு ஆட்டினார். பல்பு எரியவில்லை. எரியாத பல்பைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று, புறங்கையால் பைப்பைத் தொட்டார். பிறகு உள்ளங்கையால் பிடித்தார்.

காளியாயி மடியில் மிளகோடு எழுந்து அவர் முன்னால் போய் நின்றார்.

“ஏஞ்சாமி, பச்சக் கொழந்தை. நம்பி உடலாமா?”

“என்னை நம்ப வேண்டாமுங்கம்மா. நீங்க தொட்டுப் பாருங்க. உங்களை அடிக்கலைன்னா நம்புங்க.”

காளியாயி மிஷின் தண்ணீரில் இரண்டு கையையும் நனைத்தார். பைப்பைத் தொட்டார். சமையலறைக்குள் போய்ச் சுவரைத் தடவினார். மூலை மூலையாகத் தடவினார். ஒரு ஈரத் துணியை எடுத்து ஜன்னல் கம்பியில் தேய்த்தார். பிறகு வெளியே வந்து, வாசலில் உருண்டு கிடந்த மூட்டையை எடுத்து உள்ளே கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தார்.

“என்ன எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கறீங்க? வெந்நிக்குத் தண்ணி வெக்கறதில்லையா? புள்ளை வந்தா குளிக்கோணுமில்ல? சம்மந்தி, ஜீப்பு ஆரு சொல்றது?”

ஒரு மணிக்கு மாரமங்கலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் அப்போது ஆஸ்பத்திரியில், சீட்டில் கைநாட்டு வைக்கிற இடத்தில் என் பெயரையே எழுதிக்கொண்டிருந்தேன். ஐயாக்கண்ணு, குழந்தையின் தாத்தா. இரண்டரை மணிக்கு ஜீப்பு எங்கள் வாசலில் நின்றது. அத்தாயி ஆலாத்தி சுற்றினாள். காளியாயி வள்ளியைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனார். என் பேத்தி என் வீட்டு வாசலைத் தாண்டும்போது கொட்டாவி விட்டாள். அன்று சாயங்காலம் அத்தாயி காலை நீட்டி உட்கார்ந்து அவளைக் குளிப்பாட்டினாள். நான் சுவிட்சைத் தட்டினேன். பகலானது. காளியாயி, “ம், நல்லாத்தான் இருக்குது” என்றார்.

ஜேசுதாஸ் அன்று கிளம்பும்போது, “மிஷின்ல செஞ்ச பனி என் பனி. நெசப் பனி வரட்டும், ஒரு தடவை வந்து பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு நாள் வெயில். வராமலே இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பனி வேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் இறங்கியிருந்தது. காற்றும் இருந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து மொபெட் சத்தம் வந்தது. சர்ச் பூசைக்குப் போகிற வழி, வெள்ளைச் சட்டையில் ஜேசுதாஸ், பின்னால் லூர்துசெல்வி. அந்த அம்மாள் நேராகக் குழந்தையிடம் போய்விட்டார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே பைப்பைத் தொட்டார், உள்ளே வந்து சுவரைத் தொட்டார், ஜன்னலைத் தொட்டார். மெயினைப் போட்டுத் தொட்டார், அணைத்துத் தொட்டார். பிறகு முன் அறையில், சமையலறைச் சுவரை விட்டுத் தள்ளி, கதவுக்குப் பக்கத்தில், காற்று வருகிற இடத்தில் நாங்கள் கட்டியிருந்த தொட்டிலைப் பார்த்தார். அங்கே ஏன் கட்டினோம் என்று எங்களில் யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அவர் சமையலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணா, கொழந்தை அங்க குளுர்ல கெடக்குது. தொட்டிலை அவுத்து இந்தச் செவுத்தோரமே கட்டுங்க. அடுப்புச் செவுரு, கதகதன்னு இருக்கும்.”